மூவாயிரம் தடவை

மக்கீனின் கடிதம் வந்த வியாழக்கிழமை காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. 1978 நவம்பர் மாதம். ஸாலிஹா உள்ளறையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பிறந்து முப்பத்தைந்து நாள்.

"காக்கா, நீங்களே வாசிங்க. கடைசிப் பக்கத்த மட்டும் விட்டுருங்க, அத நான் வாசிக்கிறன்."

காலிதீன் சிரித்துக்கொண்டே உறையைக் கிழித்தான். தங்கையின் முதல் பிள்ளையைப் பார்க்கவென்று மூன்று வார விடுமுறையில் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தான். கல்முனைக்குடியில் அவனை எல்லோரும் எஞ்சினியர் என்றுதான் அழைத்தார்கள். என்ன எஞ்சினியர் என்று யாராவது கேட்டால் அவன் கொஞ்சம் திணறுவான். அவன் பாலம் கட்டியதில்லை, வாய்க்கால் வெட்டியதில்லை. ஒரு கேஸ் டேர்பைன் கம்பெனியில் மூத்த தகைப்புப் பகுப்பாய்வுப் பொறியியலாளன். "பிளேன் எஞ்சின் மாதிரித்தான். ஆனாப் பறக்காது. ஒரே இடத்தில நிண்டு கரண்ட் தரும்" என்று சொல்லி முடித்துக்கொள்வான்.

அந்த இயந்திரத்தின் நடுவில் அரை தொன் எடையுள்ள ஓர் உருக்குத் தட்டு உண்டு. அதன் விளிம்பைச் சுற்றிலும் விசிறி இதழ்கள்போல அலகுகள். நெருப்பான வாயு அலகுகளில் மோத, தட்டு நிமிடத்துக்கு ஐயாயிரம் தடவை சுழலும். சுழலும்போது தட்டின் ஒவ்வொரு துணுக்கும் வெளியே பறக்கப் பார்க்கும். உருக்கு அதை இழுத்துப் பிடித்திருக்கும். இயந்திரத்தை நிறுத்தினால் இழுவை தளரும். மறுபடி எழுப்பினால் மறுபடி இழுபடும். ஒரு கம்பியை மடக்கி நிமிர்த்திக்கொண்டேயிருந்தால் ஏதோ ஒரு தடவையில் அது முறிகிறது அல்லவா, அதுபோலத் தட்டுக்கும் ஒரு எண்ணிக்கை இருக்கிறது. அந்த எண்ணிக்கையைக் கணக்கிட்டுச் சொல்வதுதான் காலிதீனின் வேலை. தட்டு உடைந்தால் அதன் துண்டுகளை இயந்திரத்தின் மூடியோ கட்டடத்தின் சுவரோ தடுத்து நிறுத்தாது.

மக்கீன் ஸாலிஹாவின் கணவன். வளைகுடா நாடொன்றின் மின்நிலையத்தில் உதவியாளாக இருந்தான். அங்கே ஓடுபவை காலிதீனின் கம்பெனி செய்த இயந்திரங்கள். இரண்டு வருடத்துக்கு முன் அந்த வேலையை எடுத்துக் கொடுத்ததும் காலிதீன்தான். இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு மாத விடுமுறையில் மக்கீன் ஊருக்கு வந்து போயிருந்தான்.

அவன் சத்தமாக வாசித்தான். "இப்ப என்ன மூணாம் நம்பர் மிசினுக்குப் போட்டிரிக்காங்க. இஞ்ச வெக்கை கொறஞ்சு, கரண்ட் செலவும் கொறஞ்சு போச்சு. அதால ஒரு மாசமா மிசின நாளைக்கு ரெண்டு தரம் நிப்பாட்டி, காலையில ஏழுக்கும் பின்னேரம் நாலுக்கும் திரும்ப எழுப்புறாங்க. எழுப்பக்கொள்ள நான் பக்கத்தில நிண்டு எண்ணெய் ஒழுகுதா எண்டு பாக்கணும். காக்கா வந்தாச் சொல்லு, அவர் கணக்குப் பாத்த மிசின் நல்லா ஓடுது எண்டு."

"பாத்தீங்களா, உங்களத்தான் சொல்லிரிக்காரு" என்றாள் ஸாலிஹா.

உண்மைதான். அந்த மார்ச் மாதம் மூன்றாம் இயந்திரத்தைத் திறந்து பார்த்தபோது, தட்டில் காற்றுப் போவதற்காக இட்டிருந்த துளைகளைச் சுற்றித் துரு அரித்த சிறு குழிகள் தெரிந்தன. தட்டை மாற்றுவதா, தொடர்ந்து ஓட்டுவதா என்று கேட்டார்கள். காலிதீன் இரண்டு வாரம் கணக்குப் பார்த்து, இன்னும் மூவாயிரம் தடவை எழுப்பலாம் என்று எழுதிக் கையொப்பமிட்டான். அதற்குக் கீழே மேலதிகாரி கையொப்பமிட்டார்.

நாளைக்கு இரண்டு தடவையென்றால் மூவாயிரம் எப்போது முடியும்? பழக்கதோஷத்தில் மனம் அதைக் கணக்குப் போட்டது. பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தக் கணக்கை ஒரு கட்டுரையாக எழுதும் எண்ணத்தில் கொப்பியைக் கூடவே கொண்டுவந்திருந்தான். பெட்டியைத் திறந்து அதை எடுத்து, மேசையில் வைத்துப் புரட்டினான்.

பதினேழாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

உருக்கு எத்தனை தடவைக்குத் தாங்கும் என்று காட்டும் வரைபு அந்தப் பக்கத்தில் இருந்தது. இந்த வரைபுகளை இரண்டு விதமாக வரைவார்கள். இழுவையின் முழு ஏற்ற இறக்கத்தையும், அதாவது முழு வீச்சையும், அச்சில் குறிப்பது ஒரு விதம். அதில் பாதியை மட்டும் குறிப்பது மற்றது. அவனது கம்பெனியின் வரைபுகள் எல்லாம் பாதியில் வரைந்தவை. பன்னிரண்டு வருடமாக அவன் அந்த இழுவையை, அதாவது தகைப்பை, இரண்டால் வகுத்துவிட்டுத்தான் வரைபுக்குப் போவான். மார்ச் மாதமும் அப்படித்தான் வகுத்திருந்தான். ஆனால் இந்த வரைபு ஒரு புதிய ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. அச்சின் பக்கத்தில், அவனுடைய கையெழுத்திலேயே, 'முழு வீச்சு' என்று எழுதியிருந்தது.

அப்படியானால் வகுத்திருக்கக் கூடாது.

அவன் வகுக்காமல் பார்த்தான். விரல் வரைபின் வளைவில் இறங்கி நின்ற இடத்தில் இருந்த எண் இருநூற்றைம்பது.

மார்ச்சிலிருந்து ஒரு மாதத்துக்கு முன்வரை வாரத்துக்கு ஆறேழு தடவை. கடந்த ஒரு மாதமாக நாளைக்கு இரண்டு. விரலை மடக்கி எண்ணவேண்டிய தேவையே இருக்கவில்லை. இருநூற்றைம்பது கடந்து போயிருந்தது.

உள்ளறையில் ஸாலிஹா கடைசிப் பக்கத்தைத் தனக்குள் வாசித்து மெல்லச் சிரிப்பது கேட்டது.

தபால் கந்தோர் சைக்கிளில் பத்து நிமிடம். அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். எழவில்லை. ஆய்வுகூடத்தின் அசல் அறிக்கை இங்கிலாந்தில் இருக்கிறது. கையில் இருப்பது தான் பார்த்து எழுதியது. எழுதும்போது பிழை விட்டிருந்தால்? ஒரு நகரத்தின் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லித் தந்தி கொடுத்துவிட்டு, பிறகு பிழையில்லை என்று தெரிந்தால் என்ன முகத்தோடு நிற்பது? பிழைதான் என்றாலும் நிற்க முகமில்லை. பன்னிரண்டு வருட வேலை, கடல் கடந்து போய்ச் சேர்த்த பெயர், எல்லாம் ஒரு வகுத்தலில் போய்விடும். இன்னொரு முறை சரியாகப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பென்சிலை எடுத்தான். துளையோரத் தகைப்பை ஆரம்பத்திலிருந்து கணக்கிட்டான். கமீலா சாச்சி இரண்டு தரம் சோற்றுக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள். தாயில்லாத அந்த வீட்டில் ஸாலிஹாவின் பேறு பார்க்க வந்து தங்கியிருந்தவள் அவள்.

"என்னடா மனே, முகம் வெளுத்துப் போயிரிக்கி? காய்ச்சலா?"

"ஒண்டுமில்ல சாச்சி."

எந்த வழியில் பார்த்தாலும் இருநூற்றைம்பதுதான் வந்தது. கொப்பியை மூடியபோது இரண்டரை மணி தாண்டியிருந்தது. வெளியே காற்று கிளம்பியிருந்தது. வங்கக் கடலில் சூறாவளி என்று வானொலி சொல்லியிருந்தது. அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. காலிதீன் மழையில் சைக்கிளை மிதித்தான்.

தபால் அதிபர் செல்லத்தம்பி யன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"இங்கிலாந்துக்கு ஒரு தந்தி. அவசரம்" என்றான் காலிதீன்.

"லைன் செத்துப் போச்சு சேர். மட்டக்களப்புப் பக்கம் கம்பி அறுந்திட்டுது போல. ரெண்டு மணி வரைக்கும் கொழும்பு நல்லாக் கேட்டது."

"ரெண்டு மணி வரைக்குமா?"

"ஓம். காலையில இருந்து ஒரு குறையும் இல்ல. என்ன சேர், இரிங்க, தண்ணி தரட்டா?"

காலிதீன் படியிறங்கினான்.

அன்று மாலை ஆறு மணிக்கு மேல் காற்றின் சத்தம் மாறியது. ஓடுகள் முதலில் ஒவ்வொன்றாகவும் பிறகு கூட்டமாகவும் பறந்தன. தென்னைகள் முறிகிற சத்தம் வெடிபோலக் கேட்டது. சாப்பாட்டு மேசைக்கடியில் ஸாலிஹா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிடந்தாள். சாச்சி கலிமாவைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். காலிதீன் தன் முதுகால் மேசையின் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்தான். முதுகில் மழை ஊசியாய்க் குத்தியது. பிள்ளையின் மேல் ஏதாவது விழுந்துவிடுமோ என்று நடுங்கினான். அந்த நடுக்கத்துக்குள்ளேயே இன்னொன்றும் இருந்தது. அங்கே வளைகுடாவில், மேகமில்லாத வானத்தின் கீழ், மாலை நாலு மணிக்கு இயந்திரத்தை எழுப்பியிருப்பார்கள். மக்கீன் பக்கத்தில் நின்று எண்ணெய் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்த்திருப்பான். அடுத்தது காலை ஏழு மணி.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. தெருவும் தெரியவில்லை. தென்னைகள் ஒன்றின் மேலொன்றாகக் கிடந்தன. தந்திக் கம்பங்கள் கம்பிகளோடு சுருண்டு கிடந்தன. கடற்கரைப் பக்கமிருந்து ஒப்பாரி கேட்டது. காலிதீன் ஸாலிஹாவையும் பிள்ளையையும் சாச்சியையும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனான். அங்கே பாதிக் கூரை மிஞ்சியிருந்தது. நனையாத ஒரு மூலையில் பாயை விரித்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தான்.

"நான் அம்பாறைக்குப் போகணும். ஒரு தந்தி அடிக்கணும்."

ஸாலிஹா நிமிர்ந்து பார்த்தாள். "தந்தியா? காக்கா, வீட்டுக்குக் கூரை இல்ல. புள்ளைக்கு மாத்த ஒரு காஞ்ச துணி இல்ல. ஊரெல்லாம் மையித்து, அடக்கவும் ஆளில்ல. இப்பயா தந்தி?"

"வேலை விசயம். தள்ளிப் போடேலாது."

"அப்படி என்ன வேலை?"

அவன் சொல்லவில்லை. சொன்னால் அவள் என்ன ஆவாள் என்ற பயம். தன்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்ற பயமும் அதில் கலந்திருந்தது. "ரெண்டு நாளையில வந்திருவன்" என்றான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேற்கே போகும் வீதியில் சைக்கிளை ஓட்டியதைவிடத் தோளில் சுமந்ததுதான் அதிகம். சதுப்பைக் கடக்கும் தாழ்ந்த வீதியான கிட்டங்கித் தாம்போதிக்கு மேல் வெள்ளம் மார்பளவு ஓடியது. இரு பக்கமும் சதுப்பு. வீதியின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாமல், காலால் தாரைத் தடவித் தடவி நடந்தான். நடுவில் ஒரு செத்த மாடு நீரோடு வந்து இடுப்பில் மோதித் தள்ளியது. சைக்கிள் கைநழுவிப் போனது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. இந்த இடத்தில் நான் மூழ்கிப்போனால் மூவாயிரம் என்ற எண் அப்படியே அங்கே இருக்கும், அதை மாற்றுவதற்கு உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது என்ற நினைப்பு வந்தபோது ஒவ்வொரு அடியையும் ஊன்றிச் சோதித்த பிறகே எடுத்து வைத்தான். கொப்பியைத் தலைமேல் சால்வையால் கட்டியிருந்தான்.

சவளக்கடைக்கு வந்துசேர்ந்தபோது பின்னேரம், அஸர் தொழுகை நேரம். காலிதீன் வீட்டு வயலைச் செய்கிற பக்கீர் முகைதீனுக்கு அங்கே ஒரு டிரக்டர் இருந்தது. அவருடைய மண் வீடு கரைந்து போயிருந்தது. வயல் முழுக்கக் கடல்போலத் தண்ணீர். முளைத்து வந்த பயிர் ஒன்றும் தெரியவில்லை. அவர் டிரக்டரின் மேல் விழுந்திருந்த கிளையை வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, இந்தக் கோலத்தில? வீட்டுல ஆரும் மௌத்தா?"

"வீட்டுல எல்லாரும் இரிக்காங்க. காக்கா, என்ன அம்பாறைக்குக் கொண்டு விடணும்."

"இந்த ரோட்டுலயா? மரம் வெட்டி வெட்டித்தான் போகணும். என்ன அவசரம்?"

காலிதீன் முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னான். "நான் ஒரு கணக்குப் பிழையா விட்டுட்டன். அதால அங்க ஒரு மிசின் வெடிக்கலாம். அதுக்குப் பக்கத்தில மக்கீன் நிக்கிறான்."

பக்கீர் முகைதீன் கோடரியை ஊன்றிக்கொண்டு அவனையே பார்த்தார். அவருக்கு டேர்பைன் என்றால் என்னவென்று தெரியாது. மக்கீனைத் தெரியும். அவர் பின்னால் திரும்பி, இடிந்த சுவரின் பக்கத்தில் நின்ற மனைவியிடம் ஏதோ சொன்னார். அவள் ஒரு போத்தல் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஏறுங்க" என்றார்.

அம்பாறைக்கு வழக்கமாக ஒரு மணித்தியாலம்தான். அவர்களுக்கு மறுநாள் பின்னேரம் வரை எடுத்தது. ஒவ்வொரு மரமாக வெட்டிச் சங்கிலியால் இழுத்துத் தள்ளினார்கள். காலிதீனின் உள்ளங்கைகள் கொப்பளித்து உடைந்தன. ஓய்ந்த நேரமொன்றில் பக்கீர் முகைதீன் கேட்டார்:

"அந்த மிசினுக்குக் கிட்ட எத்தின பேர் நிப்பாங்க?"

"ஒரு நேரத்துக்குப் பன்னெண்டு பேர்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"ஒண்டும் தெரியாது."

"அப்ப அவங்க நிம்மதியாச் சாப்பிட்டுத் தூங்குறாங்க" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "இப்படி உங்கட வேலையில அடிக்கடி நடக்குமா தம்பி?" என்று கேட்டார்.

"நடக்கக் கூடாது."

அவர் தலையாட்டிவிட்டுக் கோடரியை எடுத்தார்.

அம்பாறையிலும் லைன் இல்லை. தபால் கந்தோரின் கூரையே இல்லை. பொலிசாரின் வயர்லெஸ்ஸில் வெளிநாட்டுக்குச் செய்தி அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அங்கே செத்தவர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கீர் முகைதீன் வீட்டைப் பார்க்கத் திரும்பிப் போனார். காலிதீன் ஞாயிற்றுக்கிழமை காலை, நிவாரணத்துக்குப் பாண் ஏற்றிவந்து திரும்புகிற ஒரு லொறியில் ஏறி, மாலையில் பதுளைக்கு வந்தான். தபால் கந்தோர் பூட்டியிருந்தது. பூட்டைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். வியாழன் மாலை ஒன்று. வெள்ளி இரண்டு. சனி இரண்டு. ஞாயிறு காலை ஒன்று. இப்போது, இதே நேரத்தில், இன்னொன்று. எண்ணாமல் இருக்க முயன்றான். மூச்சு விடுவதுபோல எண்ணிக்கை தானாக வந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் மக்கீன் குனிகிறதை மனம் காட்டியது.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். மின்நிலையத்துக்கும் கம்பெனிக்கும் இரண்டு தந்திகள் கொடுத்தான்: மூன்றாம் இயந்திரத்தை எழுப்ப வேண்டாம், தட்டின் கணக்கில் பிழை. தந்தி போய்ச்சேர எத்தனை மணித்தியாலமாகும் என்று சொல்ல முடியாது என்றார் எழுதுவினைஞர். காலை எழுப்புதல் நடந்துவிடும். அது எட்டாவது. மாலை எழுப்புதலுக்கு முன்னால் பேசியாக வேண்டும். இங்கிலாந்தில் அப்போது நடுச்சாமம். அங்கே விடிந்து கம்பெனி திறக்கும் வரை, ட்ரங்க் கோலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, மரவாங்கில் காத்திருந்தான். மூன்று மணி தாண்டியபோது கூப்பிட்டார்கள். மேலதிகாரியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. தந்தி இன்னும் கிடைக்கவில்லையாம். காலிதீன் வரைபு, வகுத்தல், இருநூற்றைம்பது எல்லாவற்றையும் சொன்னான்.

"உனக்கு நிச்சயமா?" என்றார் கடைசியில்.

"அசல் அறிக்கை என் மேசைக்குப் பின்னாலுள்ள அலுமாரியில் இருக்கிறது. பச்சை அட்டை. வரைபின் அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்."

காலடிகள் போவது கேட்டது. பிறகு இரைச்சல். 'இன்னும் மூன்று நிமிடம்' என்று கொழும்பிலிருந்து ஒரு பெண்குரல் குறுக்கே சொன்னது. காலிதீன் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினான். தான் பார்த்து எழுதியதில்தான் பிழை என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று அந்த நேரத்திலும் ஆசைப்பட்டான். பைத்தியக்காரன் என்று எல்லோரும் சிரிக்கட்டும்.

காலடிகள் திரும்பின. "முழு வீச்சு" என்றார் மேலதிகாரி. மூச்சு வாங்கியது. "முழு வீச்சு என்றுதான் போட்டிருக்கிறது. நானும் பார்க்காமல் விட்டிருக்கிறேன். வை. நான் இப்போதே டெலெக்ஸ் அடிக்கிறேன்."

லைன் அறுந்தது.

மின்நிலையத்தில் மாலை எழுப்புதலுக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. டெலெக்ஸை யாராவது எடுத்து வாசிப்பார்களா, வாசித்தவர் நம்புவாரா என்று தெரியாது. காலிதீன் அன்று சாப்பிடவில்லை. பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்கு நின்றபோது எத்தனை ரக்அத் தொழுதேன் என்பதே மறந்துபோய், மறுபடி தொழுதான். செவ்வாய் பகல் எழுதுவினைஞர் அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். இயந்திரம் நிறுத்தப்பட்டது, எவருக்கும் காயமில்லை, திறந்து தட்டைப் பார்க்கிறார்கள். காலிதீன் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தான். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். வரிசையில் நின்ற ஒரு சிங்களக் கிழவி பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள். வீட்டில் யாரோ செத்த செய்தி என்று நினைத்திருப்பாள்.

அவன் வியாழக்கிழமை கல்முனைக்குத் திரும்பினான். ஸாலிஹா வீட்டு முற்றத்தில் ஓட்டுத் துண்டுகளைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தாள். அயலவர் ஒருவர் தென்னங்கிடுகால் ஒரு மூலையை மட்டும் மூடிக் கொடுத்திருந்தார். அவள் விளக்குமாற்றை நிறுத்தவில்லை.

"ரெண்டு நாள் எண்டீங்க. ஆறு நாள்."

"தங்கச்சி, இரி. ஒண்டு சொல்லணும்."

"சொல்லுங்க. எனக்கு வேலை இரிக்கி."

அவன் சொன்னான். எழுப்புதல், எண்ணிக்கை, வரைபு, இரண்டால் வகுத்தது, மக்கீன் நின்ற இடம், எல்லாவற்றையும் சொன்னான். பாதியில் அவள் விளக்குமாற்றை வைத்துவிட்டு, கவிழ்ந்து கிடந்த உரலின் மேல் உட்கார்ந்தாள். கை தானாகப் போய் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

"இப்ப அவருக்கு ஒண்டும் இல்லையே?"

"ஒண்டும் இல்ல. நிப்பாட்டிட்டாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்." அவள் கண்ணைத் துடைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "காயிதம் வாசிச்ச உடனயே நீங்க கொப்பிய எடுத்தீங்க. அப்பயே பிழை தெரிஞ்சு போச்சா?"

"ஓம்."

"அப்ப தபால் கந்தோரில லைன் இருந்திச்சா?"

அவன் தலையைக் குனிந்தான். "ரெண்டு மணி வரைக்கும் இருந்திச்சு."

"நீங்க எத்தின மணிக்குப் போனீங்க?"

"மூணு மணிக்கு."

"அது வரைக்கும் என்ன செஞ்சீங்க?"

"திரும்பக் கணக்குப் பாத்தன். வெக்கமா இரிந்திச்சு தங்கச்சி. பயமா இரிந்திச்சு. பிழை எண்டு சொல்றதுக்கு."

ஸாலிஹா எழுந்து உள்ளே போனாள். அன்று சாச்சிதான் அவனுக்குச் சோறு போட்டாள். அதற்குப் பிறகு பத்து நாளும் அவன் தகரம் தேடி அலைந்து, கூரை போட்டு, கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தான். ஸாலிஹா தேவைக்கு மட்டும் பேசினாள். பிள்ளையைத் தூக்கக் கேட்டால் கொடுத்தாள்.

கொழும்பு பஸ் ஓடத் தொடங்கியதும் அவன் புறப்பட்டான். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை வந்தாள்.

"அவருக்கு நான் இதப் பத்தி ஒண்டும் எழுதல்ல. நீங்களே எழுதுங்க. முழுசாவும் எழுதுங்க காக்கா. அந்த நாலஞ்சு மணித்தியாலத்தையும் சேத்து எழுதுங்க."

"எழுதுறன்."

"அவர் மன்னிச்சா எனக்கும் ஒண்டுமில்ல."

கடிதத்தை அவன் கொழும்பில், ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து எழுதினான். இரண்டு தாளைக் கிழித்து எறிந்தான். ஒவ்வொன்றிலும் தனக்கே தெரியாமல் தன்னைக் காப்பாற்றும் ஒரு சாட்டு நுழைந்துவிட்டிருந்தது. மூன்றாவதைத் தபாலில் போட்டான்.

இங்கிலாந்தில் தட்டைப் பெட்டியில் கொண்டுவந்து கனத்த இரும்பு மேசையில் வைத்திருந்தார்கள். இரண்டு துளைகளிலிருந்து வெடிப்பு ஓடியிருந்தது. நீளமானது பதினொரு மில்லிமீற்றர். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, ஒரு மயிரை உருக்கின் மேல் ஒட்டியதுபோல இருந்தது. இன்னும் ஐம்பது அறுபது தடவைக்குத் தாங்கியிருக்கும் என்றார் மேலதிகாரி. ஒரு மாதம். காலிதீன் கண்ணாடியைக் கீழே வைத்தான். விசாரணை நடந்தது. அவன் எதையும் மறைக்கவில்லை. ஒரு வருடத்துக்கு அவன் தனியாகக் கையொப்பமிட முடியாது, இன்னொருவர் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்த பிறகே அவன் கணக்கு வெளியே போகும் என்று முடிவானது. மேலதிகாரியும் தன் பங்குக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கினார். மூன்றாம் இயந்திரத்துக்குப் புதுத் தட்டுச் செய்தார்கள். அதன் கணக்கையும் காலிதீனிடமே கொடுத்தார்கள். அவன் மறுத்தான், மேலதிகாரி விடவில்லை.

மக்கீனின் பதில் பெப்ரவரியில் வந்தது. பிள்ளைக்கு முடி இறக்கியதைப் பற்றியும், கூரைக்குப் போட்ட தகரம் மழைக்குச் சத்தம் போடுகிறதாம் என்றும் நிறைய எழுதியிருந்தான். மன்னிப்பு என்ற சொல்லே அதில் இல்லை. கடைசியில் இவ்வளவுதான் இருந்தது:

"புதுத் தட்டுப் போட்டு நேத்து மிசின எழுப்பினாங்க. பெடியன் எல்லாம் பயந்து பின்னுக்கு நிண்டானுகள். நான் வெள்ளைக்காரனுக்கிட்ட, இந்தத் தட்டுக்குக் கணக்குப் பாத்தது ஆரு எண்டு கேட்டன். உங்கட பேரச் சொன்னான். மறுகா நான் போய்ப் பழைய இடத்திலதான் நிண்டன்."

காலிதீன் அதை நின்றுகொண்டே வாசித்தான். கணக்கு ஏற்கெனவே மூன்று முறை சரிபார்க்கப்பட்டு, இரண்டு பேர் கையொப்பமிட்டு, அலுமாரிக்குள் போய்விட்டிருந்தது. அவன் அலுமாரியைத் திறந்து கோப்பை வெளியே எடுத்து, பென்சிலைச் சீவி, முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்க்கத் தொடங்கினான்.